வாசகர் கேள்வி – பதில்: தங்க ரேக்கா, தங்க நிறப் பெயின்டா?

சென்ற இதழில் நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளைப் பற்றி வெளியான கட்டுரையில், வெள்ளிச் சட்டத்துக்குள் அரக்கு நிரப்பி, அதில் கெம்புக் கற்களைப் பதித்து, ஒவ்வொரு கல்லையும் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, அழுத்தி மெருகேற்றும் முறை விளக்கப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர், ரேக்கு ஒட்டிய நகையையும் தங்க நிறப் பெயின்ட் பூசிய நகையையும் பிரித்து அறிவது எப்படி என்றே கேட்டிருக்கிறார்கள். கடிதங்கள் தமிழக–கேரள எல்லையின் இரு புறத்திலிருந்தும் வந்திருப்பதில் வியப்பில்லை. நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலத்தில் இருந்தவை; மாநிலம் பிரிந்த பிறகும், அரங்கேற்றத்துக்கும் பள்ளிக் கலோத்சவத்துக்கும் நகை தேடி அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வடசேரிக்கு வருவது நின்றுவிடவில்லை. இந்த இதழில் இந்த ஒரு பொருளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள், கலோத்சவத்தில் பரதநாட்டியம் ஆடவிருக்கிறாள். நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், மாட்டல், அட்டிகை, ஒட்டியாணம் எல்லாம் அடங்கிய ஒரு செட்டை, வெள்ளியில் தங்க ரேக்கு ஒட்டியது என்று சொல்லி ஒரு கடையில் காட்டினார்கள். அதே வடிவத்தில், கண்ணுக்கு அதே நிறத்தில், வேறொரு கடையில் மிகக் குறைந்த விலைக்கு ஒரு செட் இருக்கிறது. இரண்டுமே ஒன்றுதான், எல்லாம் பெயின்ட் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. நகையைக் கெடுக்காமல் உண்மையைத் தெரிந்துகொள்ள வழி உண்டா, ஐயா?
— ஒரு தாய், பாறசாலை

பதில்: உண்டு, அம்மா. ஆனால், நிறத்தை வைத்து முடிவு செய்யும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடியைக் கொண்டு செய்யும் பெயின்டும், அபிரகப் (மைக்கா) பொடியின் மேல் டைட்டானியம், இரும்பு ஆக்சைடுகளைப் படியவைத்துச் செய்யும் புதிய வகைப் பெயின்டும், கடையின் மஞ்சள் விளக்கொளியில் பத்தரை மாற்றுத் தங்கத்தின் நிறத்தை ஏறக்குறைய அப்படியே காட்டிவிடுகின்றன. நிறத்தைப் போலச் செய்வது எளிது. பரப்பின் தன்மையைப் போலச் செய்வது அத்தனை எளிதன்று. ரேக்கு என்பது அடித்து மெலிதாக்கிய, இடைவெளியில்லாத ஓர் உலோகத் தாள். பெயின்ட் என்பது ஒரு பசைக்குள் மிதந்து, காய்ந்த பிறகு அங்கேயே நின்றுவிட்ட எண்ணற்ற துகள்கள். நீங்கள் தேட வேண்டிய வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

நகைக்கடைக்காரர்கள் கண்ணருகே வைத்துப் பார்க்கும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அதன் விலை அதிகமில்லை. நகையைக் கடை விளக்கிலிருந்து விலக்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையில் உள்ள குறுகிய பகுதியை முதலில் பாருங்கள். ரேக்கு வேலையாக இருந்தால், அந்த இடத்தில் உலோகம் கல்லின் விளிம்பை ஒட்டி மேலேறி, கருவியால் அழுத்தப்பட்ட கூரிய கோட்டோடு முடிந்திருக்கும். ஆங்காங்கே மயிரிழை போன்ற மடிப்பும், ஒரு துண்டின் மேல் மறு துண்டு ஏறிய இடத்தில் மெல்லிய படிக்கட்டுப் போன்ற கோடும், மெருகிட்ட கருவி ஒரே திசையில் சென்ற தடமும் தெரியும். கையால் செய்த வேலையில் இவை குறைகள் அல்ல. பெயின்டாக இருந்தால், அதே இடத்தில் அது குழம்புபோல் தேங்கி நின்று மூலைகளை உருட்டியிருக்கும். கல்லின் மேலேயும் சிறிது ஏறியிருக்கும். தூரிகையின் கோடுகளோ, காயும்போது வெடித்த சிறு குமிழிகளின் குழிகளோ காணப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸுக்கு அடியில் பரப்பு முழுவதும் தனித்தனித் துகள்களாக மினுங்கும். ஒருமுறை இந்த மினுக்கத்தைப் பார்த்துவிட்டவர்களுக்கு மறுமுறை ஐயம் வருவதில்லை.

அடுத்து, நகையைக் கையில் வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மெருகேற்றிய தங்க ரேக்கு கண்ணாடியின் தன்மையுடையது; வெளிச்சத்தை நோக்கும்போது பளீரென்று இருக்கும் அதே இடம், நிழலை நோக்கும்போது சட்டென்று இருண்டு, எதிரில் உள்ளவற்றின் சாயலைக் காட்டும். பெயின்ட் அப்படி இருளாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே மங்கிய மஞ்சளாக நிற்கும், அல்லது அபிரகப் பெயின்டாக இருந்தால் எல்லாக் கோணத்திலும் பொடிப்பொடியாக மின்னும்.

மூன்றாவதாக, நகையைத் திருப்பிப் பின்புறத்தையும், கொக்கி பொருந்தும் இடத்தையும், முத்துக் கோத்த கம்பி நுழையும் துளையின் ஓரத்தையும் பாருங்கள். விற்பவர் முன்புறத்தைக் காட்டவே விரும்புவார். உண்மையோ பின்புறத்தில்தான் தெரியும். ரேக்கு கல் பதித்த முகப்புக்கு உரியது என்பதால், அந்த வேலையில் முகப்பின் நிறமும் பின்தகட்டின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பின்புறம் வெறும் வெள்ளியாகவோ, மின்முலாம் இட்டதாகவோ இருக்கலாம். முன்னும் பின்னும், கொக்கியும் திருகும், எல்லாமே ஒரே தடிமனில் ஒரே நிறத்தில் மூழ்கி எடுத்தாற்போல் இருந்தால், அது முலாமோ பெயின்டோ தவிர ரேக்கு அன்று. உராயும் விளிம்பில் நிறம் போன இடத்தில் அடியிலிருந்து வெண்மை எட்டிப்பார்க்கிறதா, சிவப்பு கலந்த மஞ்சள் எட்டிப்பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். முன்னது வெள்ளியாகவோ வேறொரு வெள்ளை உலோகமாகவோ இருக்கலாம், பின்னது செம்போ பித்தளையோதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இணையத்தில் பலரும் சொல்லும் நகப்பூச்சு நீக்கும் திரவச் சோதனையைத் தயவுசெய்து இந்த வகை நகைகளில் செய்ய வேண்டாம். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் பெயின்டின் பசை கரைந்து பஞ்சில் பொன்பொடி ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால், உண்மையான ரேக்கின் மேல் காப்புக்காகப் பூசிய வார்னிஷும் அதே திரவத்தில் கரையும். அதோடு ரேக்கின் ஓரமும் பெயர்ந்து வரும். நல்ல நகையைக் கெடுத்துவிட்டுப் போலி என்று தீர்ப்பும் சொல்லிவிடுவீர்கள். ஸ்பிரிட்டோ அதைவிடக் கேடு. அரக்கு ஆல்கஹாலில் கரையும் பொருள். கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதே அரக்குதான். தீயில் காட்டுவதும், வெந்நீரில் போடுவதும் இதே காரணத்தால் கூடாது. கெம்புக் கல்லின் அடியில் ஒளிக்காக வைக்கும் நிறத்தாள் ஈரம் பட்டால் மங்கிவிடும் என்பதால், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைப்பதும் வேண்டாம்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொல்வது பாதி சரி. குறைந்த விலைச் செட்டுகளில் பெயின்டைவிட மின்முலாமே மிகுதி. ஒரு மைக்ரானுக்கும் கீழான தடிமனில் முலாம் இட்டு, முலாம் ஏறாத குழிகளைப் பெயின்டால் நிரப்பிவிடுவார்கள். முலாமிலும் உண்மைத் தங்கம் இருக்கலாம். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. முலாமை ரேக்கு என்று சொல்லி ரேக்கின் கூலியை வாங்குவதுதான் குற்றம். ஒரு செட்டுக்காக நாள் கணக்கில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக ரேக்கு அழுத்தும் ஆசாரியின் கூலியும், சில நிமிடங்களில் தொட்டியில் மூழ்கி எழும் முலாமின் செலவும் ஒன்றாக இருக்க முடியாது. வளரும் பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் பயன்படப் போகிறது என்றால், முலாம் செட்டை முலாம் என்றே தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்குவதில் தவறில்லை என்பது எனது கருத்து.

கேள்வி: என் கணவரின் பாட்டி அணிந்த கெம்பு நெற்றிச்சுட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஓரங்களிலும் கல்லைச் சுற்றியும் கறுத்துவிட்டது. பாலிஷ் போடக் கொண்டுபோன இடத்தில், தங்கம் கறுக்காது, ஆகவே இது தொடக்கத்திலிருந்தே போலி என்று சொல்லி, மிகச் சொற்ப விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும் கூறினார்கள். உண்மையில் போலியா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கொடுத்துவிடாதீர்கள். தங்கம் கறுக்காது என்பது சரி. ஆனால் தங்கத்தின் அடியில் இருக்கும் வெள்ளி கறுக்கும். ரேக்கு எவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும், துண்டுகள் சேரும் இடங்களில் இடைவெளிகளும் இருக்கவே செய்யும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அவற்றின் வழியே வெள்ளியைத் தொட்டு, கருநிற வெள்ளி சல்பைடை உண்டாக்குகின்றன. அது மெல்ல ஊர்ந்து ரேக்கின் மேலேயும் படர்கிறது. எனவே ஓரங்களில் தொடங்கும் கறுப்பு, அடித்தளம் வெள்ளி என்பதற்கே ஆதரவான அடையாளம். அடித்தளம் செம்போ பித்தளையோ ஆக இருந்தால், வியர்வையும் கடற்காற்றின் உப்பும் பட்ட இடங்களில் பச்சையான களிம்பு பூக்கும். பழைய பித்தளைப் பொடிப் பெயின்ட் என்றால், பரப்பு முழுவதுமே பழுப்பாகி, இடையிடையே பச்சை தட்டும். கறுப்பு, பச்சை, பழுப்பு என்ற இந்த மூன்று நிறங்களையும் வேறுபடுத்திப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆனால் இதைத் தலைகீழாகத் திருப்பி, மாறாமல் இருப்பதெல்லாம் தங்கம் என்று கொள்ளவும் கூடாது. மேலே சொன்ன அபிரகப் பெயின்ட் கறுப்பதும் இல்லை, பச்சை பூப்பதும் இல்லை. அண்மைக்காலத்து நகையில், பல ஆண்டுகள் ஆகியும் நிறம் மாறவில்லை என்பது எதற்கும் சான்றாகாது. உங்கள் வீட்டுப் பாட்டியின் காலத்து நகைக்கு அந்த ஐயம் அவ்வளவாக எழாது.

வெள்ளிப் பாத்திரம் துலக்கும் திரவத்தையும் பற்பொடியையும் அதன்மேல் போட்டுவிட வேண்டாம். கறுப்பு போகும், கூடவே ரேக்கும் போகும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, அரக்கு வேலை தெரிந்த ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள். இனிமேல் அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில் வல்லது. காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லையென்றால் தங்க ரேக்கு என்று நம்பலாமா?
— வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: நம்பக் கூடாது. தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, ஈயம் ஆகிய எதிலுமே காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அடியில் இரும்போ நிக்கலோ இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். ஒட்டாமல் போனால் ஒன்றும் தெரியாது.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே சுடுமண் நகைகள் செய்து விற்கிறேன். இணையத்தில் நூறு தாள்கள் கொண்ட தங்க ரேக்குப் பாக்கெட்டைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி ஒட்டி வருகிறேன். வாங்குபவர்களிடம் 'தங்க ரேக்கு நகை' என்று சொல்வது சரிதானா என்று இப்போது எனக்கே ஐயம் வந்துவிட்டது.
— வாசகி, செங்கோட்டை

பதில்: உங்களுடைய ஐயம் நியாயமானது, ஒரு சிறிய கணக்கே அதைத் தீர்த்துவிடும். ஓவியங்களுக்கும் அலங்கார வேலைக்கும் பயன்படும் தங்க ரேக்கின் தடிமன் ஏறக்குறைய 0.1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். இவ்விரண்டையும் கொண்டு கணக்கிட்டால், ஒரு கிராம் தங்கத்தை ஏறக்குறைய அரை சதுர மீட்டர் பரப்புக்கு விரிக்க முடியும் என்று வருகிறது. பக்கத்துக்கு 8 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத் தாளில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் தங்கம் இருக்கும். நூறு தாளில் 1.2 கிராம். இன்றைக்கு ஒரு கிராம் 24 காரட் தங்கம் விற்கும் விலையால் பெருக்கிப் பாருங்கள். அடிக்கும் கூலியையும் வியாபாரியின் லாபத்தையும் சேர்க்காமலேயே, நீங்கள் கொடுத்த சில நூறு ரூபாய் எத்தனை தூரம் கீழே நிற்கிறது என்பது தெரியும். உங்கள் பாக்கெட்டில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ரேக்கு. கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் இதைப் போலித் தங்க ரேக்கு என்று வெளிப்படையாகவே விற்பதும் உண்டு.

ஒட்டுவதற்கு முன்னால் தாளாக இருக்கும்போது பிரித்தறிவது இன்னும் எளிது. உண்மைத் தங்க ரேக்கை விரலால் எடுக்கவே முடியாது. தொட்ட மாத்திரத்தில் விரல் ரேகையில் ஒட்டிக்கொண்டு, தேய்த்தால் தோலுக்குள் மறைந்துவிடும். மூச்சுக் காற்றுக்கே சுருண்டு பறக்கும். பித்தளைத் தாள் அதைவிடத் தடித்தது. விரலால் பிடித்துத் தூக்கலாம். கசக்கினால் செதில் செதிலாக உடையும். உண்மைத் தங்க ரேக்கை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அதன் ஊடே வரும் ஒளி பச்சையும் நீலமும் கலந்த நிறமாகத் தெரியும். மிக மெல்லிய தங்கம் சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்பிவிட்டு, பச்சையை மட்டும் ஓரளவு உள்ளே விடுகிறது. நிறம் பூசி இதைப் போலச் செய்ய முடியாது என்பதால், எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதுவே மிக அழகானது. ஒட்டிய பிறகு இதற்கு வழியில்லை என்பதுதான் குறை.

பித்தளை ரேக்கை ஒட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அதன்மேல் கட்டாயம் வார்னிஷ் பூச வேண்டும். இல்லையேல் வியர்வை பட்டுப் பச்சையாகும், அணிபவரின் தோலிலும் பச்சை படியும். விற்கும்போது 'தங்க நிற ரேக்கு' என்று எழுதுங்கள். உங்கள் மண் நகையின் அழகுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது. வாங்கியவர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து சண்டை போடவும் மாட்டார்.

கேள்வி: கோயில் நகைப் பதக்கம் ஒன்றை வாங்கி, சந்தேகம் தீர்த்துக்கொள்ள வேறொரு நகைக்கடையின் கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். சீட்டில் வெள்ளி பெரும்பகுதியாகவும், தங்கம் மிகச் சொற்பமாகவும், சிறிது செம்பும் வந்திருக்கிறது. நான் ஏமாற்றப்பட்டேனா?
— வாசகர், களியக்காவிளை

பதில்: அந்தச் சீட்டு உங்களுக்குச் சாதகமாகவே பேசுகிறது. கேரட் மீட்டர் எக்ஸ் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி உமிழும் கதிரை அளந்து சதவிகிதம் சொல்லும் கருவி. அந்தக் கதிர் மேற்பரப்போடு நின்றுவிடுவதில்லை. சில மைக்ரான்கள், சில வேளைகளில் சில பத்து மைக்ரான்கள் வரை உள்ளே புகுகிறது. நகை வேலைக்கு ஓவிய ரேக்கைவிடச் சற்றுத் தடித்த ரேக்கைப் பயன்படுத்தினாலும், அதுவும் கதிருக்கு ஒரு மெல்லிய திரைதான். அதைத் தாண்டி அடியில் உள்ள வெள்ளியையும் சேர்த்தே கருவி படிக்கும். இரண்டையும் ஒரே கலவை என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். முழுவதும் ஒரே உலோகக் கலவையால் ஆன நகைக்கே அந்தச் சதவிகிதம் பொருந்தும். அடுக்கு அடுக்காக உள்ள நகைக்குப் பொருந்தாது.

ஆகவே உங்கள் சீட்டில் எண்ணைப் பார்க்காமல், எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்பதைப் பாருங்கள். தங்கமும் வெள்ளியும் வந்திருந்தால், வெள்ளியின் மேல் உண்மைத் தங்கம் இருக்கிறது. வெள்ளியில் உறுதிக்காகச் சிறிது செம்பு கலப்பது வழக்கம். 925 தரம் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. செம்பும் துத்தநாகமும் மட்டும் வந்து, தங்கம் அறவே வராமல் போனால் அது பித்தளை, அல்லது பித்தளைப் பொடிப் பெயின்ட். டைட்டானியமும் இரும்பும் தலைகாட்டினால் அபிரகப் பெயின்டை ஐயுறலாம். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், முகப்பில் கல் இல்லாத இடத்தில் ஒன்று, பின்தகட்டில் ஒன்று என இரண்டு இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகப்பில் மட்டும் தங்கம் கூடுதலாக வந்தால், அது நான் முன்னர் சொன்ன ரேக்கு வேலையின் அமைப்போடு ஒத்துப்போகிறது. ஆனால் தங்கம் ரேக்காக ஒட்டப்பட்டதா, முலாமாக ஏற்றப்பட்டதா என்பதைக் கருவி சொல்லாது. அதற்கு லென்ஸும் கண்ணும்தான் வேண்டும்.

உரைகல்லில் உரைத்துப் பார்க்க மட்டும் யாருக்கும் அனுமதி தராதீர்கள். முதல் உரசலிலேயே ரேக்கு கல்லோடு போய்விடும். அடுத்த உரசலில் வெள்ளிதான் கல்லில் ஏறும். அதன்மேல் நைட்ரிக் அமிலம் விட்டால் அந்தக் கோடு கரையத்தான் செய்யும். கடைக்காரர் தங்கமே இல்லை என்பார், அவர் பார்த்தது தங்கத்தையே அல்ல.

கேள்வி: நகரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே 'ஒரு கிராம் தங்க நகை' என்றும் 'மைக்ரான் தங்கம்' என்றும் விற்கிறார்கள். இவற்றில் ரேக்கு உண்டா? ஹால்மார்க் கேட்டு வாங்கினால் போதாதா?
— வாசகர், ஆந்திர எல்லை

பதில்: இவை ரேக்கு வேலை அல்ல; செம்பு அல்லது பித்தளையின் மேல் இட்ட முலாம். ஒரு கிராம் என்பது வியாபாரப் பெயர். ஒவ்வொரு நகையிலும் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. உங்கள் மாநிலத்தில் மசூலிப்பட்டினம் அருகே சிலக்கலபூடியில் ரோல்டு கோல்டு நகைத் தொழில் நீண்ட காலமாக நடக்கிறது. அதுபோல முலாம் என்று சொல்லியே விற்பது நேர்மையான வியாபாரம்.

ஹால்மார்க், தங்கக் கலவையால் ஆன நகைக்கு உரியது. 22 காரட் நகையில் 916 என்ற எண்ணோடு, எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இடக் குறியீடும் இருக்கும்; அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இடக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் தங்க நகை விற்கக் கூடாது. வெள்ளியின் மேல் ரேக்கு ஒட்டிய நகைக்கு இந்தத் தங்க முத்திரை கிடைக்காது. அடியில் உள்ள வெள்ளியின் தரத்துக்கு வேண்டுமானால் வெள்ளி முத்திரை இருக்கலாம். எனவே ரேக்கு நகையில் 916 என்று குத்தியிருந்தால், அதைத் தகுதியாகக் கொள்ளாமல் எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள்.

முத்திரை இல்லாத இடத்தில் ரசீதுதான் ஆதாரம். 'தங்க வேலைப்பாடு' என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் பயன்படாது. அடித்தளம் எந்த உலோகம், அதன் தரம் என்ன, கல்லும் அரக்கும் நீங்கலாக அதன் எடை எவ்வளவு, மேலே இருப்பது ரேக்கா முலாமா, ரேக்கு எத்தனை காரட் என்பவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்குவதில்லை. எழுதியதற்கு மாறாகப் பொருள் இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய கடை வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மிகவும் வசதியான ஒன்று.

கேள்வி: நான் நாட்டிய நகைகளை வாடகைக்கு விடுகிறேன். ரேக்கு தேய்ந்த இடங்களில் கடையில் கிடைக்கும் தங்க நிறப் பெயின்டைத் தொட்டு வைப்பது வழக்கம். மேடையில் யாருக்கும் தெரிவதில்லை. அந்தச் செட்டுகளில் சிலவற்றை இப்போது விற்றுவிட எண்ணுகிறேன். ரேக்கு நகை என்று சொல்லி விற்கலாமா?
— வாசகர், பாலராமபுரம்

பதில்: நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஏனெனில், நம் பக்கத்தில் புழங்கும் பழைய செட்டுகளைப் பார்த்து, ரேக்கா பெயின்டா என்று கேட்டால், இரண்டும் என்பதே பல நேரங்களில் சரியான விடை. தொடக்கத்தில் ரேக்காக இருந்த நகை, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தொடுகை பெற்று, கடைசியில் பாதி பெயின்டாகிவிடுகிறது. முகப்பில் ஒரே ஓர் இடத்தை மட்டும் லென்ஸில் பார்த்துவிட்டு முழு செட்டையும் ஏற்பதோ தள்ளுவதோ தவறு என்பதற்கும் இதுவே காரணம்.

வாடகை நகையில் மேடை அவசரத்துக்குத் தொட்டு வைத்ததை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. விற்கும்போது, எந்த உருப்படியில் எங்கே பெயின்ட் தொட்டிருக்கிறது என்பதைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கொடுங்கள். அதைவிட நல்லது, விற்பதற்கு முன் ரேக்கை மறுபடி ஒட்டிக்கொள்வது. ஆனால் பெயின்டின் மேலேயே ரேக்கு ஒட்ட யாரும் முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். அடியில் உள்ள பெயின்ட் காலப்போக்கில் சுருங்கி உரியும்போது புதிய ரேக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். பெயின்டைத் திரவத்தால் கரைக்காமல், லென்ஸுக்கு அடியில் மரக்குச்சி முனையால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்து, வெள்ளி தெரியும் இடத்தைத் துடைத்த பிறகே ரேக்கை அழுத்த வேண்டும். இது பொறுமையான வேலை. எல்லாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கல் ஆடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்து, ஆடினால் அரக்கை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும், ரேக்கு ஒட்டிய பிறகு அரக்கை இளக்கினால் ஒட்டியது வீணாகும். ஒட்டியாணத்திலும் நெற்றிச்சுட்டியிலும் தேய்மானம் மிகுதியாக இருக்கும், சூரியன், சந்திரனில் அநேகமாக இராது. ஆகவே முழு செட்டுக்கும் சேர்த்துக் கூலி பேசாமல், உருப்படிக்கு உருப்படி தனித்தனியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.